குழந்தையின் தீக்காயத்துக்குச் செயற்கைத் தோல்: வேலூர் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செயற்கைத் தோல் என்ற பெயரைக் கேட்டதும், வெந்த இடத்தில் அதை ஒட்டிவிட்டால் நாளடைவில் அதுவே பிள்ளையின் தோலாகிவிடும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அப்படி ஆவதில்லை. மேல்தோல் எப்போதும் பிள்ளையின் சொந்த உடம்பிலிருந்துதான் வளர்ந்து வர வேண்டும். அது வளர்கிற வரை புண்ணை மூடிவைப்பதும், ஈரம் காயாமலும் கிருமி இறங்காமலும் காப்பதும் இந்தப் படலங்களின் வேலை. இதனால் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய லாபம், கட்டு மாற்றும் வேதனை குறைவதுதான். பழைய முறையில் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டைப் பிரித்து, புண்ணோடு ஒட்டிய துணியை நனைத்து எடுத்து, கழுவி, களிம்பு தடவி மறுபடி கட்டுவார்கள். இரண்டு வயதுப் பிள்ளை, டிரெஸ்ஸிங் வண்டியின் சக்கரச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அலறத் தொடங்கிவிடும். படலம் ஒட்டிக்கொண்ட புண்ணில் அந்தக் கழுவல் தேவைப்படுவதில்லை.

ஆனால் எல்லாத் தீக்காயத்துக்கும் இது ஏற்றதல்ல. புண் சுத்தமாக இருக்க வேண்டும், ஆழம் மிதமாக இருக்க வேண்டும், கூடியமட்டும் முதல் ஓரிரு நாட்களுக்குள் ஒட்ட வேண்டும். பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை கிடைக்குமா என்பதில் பாதி நம் வீட்டுச் சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி அறுவை அரங்கில் தொடங்காமல் அடுப்படியில் தொடங்குகிறது.

முதல் 20 நிமிடம்

சிறு பிள்ளைகளுக்கு நேரும் தீக்காயங்களில் மிகுதியானவை நெருப்பால் வருபவை அல்ல. கொதிநீர், சாம்பார், கஞ்சி, டீ, பால் ஆகியவை கொட்டி வருபவை. குளியலுக்கு இறக்கித் தரையில் வைத்த வெந்நீர்ப் பாத்திரம், மேசை விரிப்பைப் பிடித்து இழுத்ததும் கவிழும் டீ டம்ளர், விருந்து வீட்டில் தரையில் இறக்கிய பிரியாணித் தேக்சா என்று இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். தீபாவளியன்று எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைத் தரையில் போட, வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதை மிதித்துவிடும்.

கொட்டிய உடனே துணியைக் கழற்றுங்கள். சூடான சாம்பாரில் நனைந்த சட்டை தோலில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நொடியும் காயம் ஆழமாகிறது. கைக்குழந்தைக்கு டயாப்பர் கட்டியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். வெந்நீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். அரைஞாண் கயிறு, காப்பு, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உலோகம் சூட்டைப் பிடித்துவைக்கும். சற்று நேரத்தில் அந்த இடம் வீங்கிவிட்டால் காப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தோலோடு உருகி ஒட்டிய துணியை மட்டும் இழுக்காமல், சுற்றிலும் கத்தரித்து விட்டுவிடுங்கள்.

பிறகு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். இது மிகச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் தீக்காய முதலுதவியில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை. சூடு ஆழத்துக்கு இறங்குவதைத் தடுக்கும், வலியையும் குறைக்கும். உடனே செய்ய முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

நம் ஊரில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். வெந்த தோலில் அதை விடக்கூடாது. முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். சுட்டால், சமையலறைக் குடத்திலோ மண்பானையிலோ உள்ள குடிநீரை மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள், அல்லது மோட்டார் போட்டு நேராக வரும் கிணற்றுத் தண்ணீரைப் பிடியுங்கள். ஐஸ் கட்டியோ, ஃபிரிட்ஜில் உறையவைத்த தண்ணீரோ வேண்டாம். அதுவே தோலைக் கெடுக்கும். காயத்தை நனைக்கும்போது மற்ற உடம்பைத் துண்டால் போர்த்தி வையுங்கள். சிறு குழந்தையின் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும். காயம் பெரிதாக இருந்து பிள்ளை நடுங்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

இனி, செய்யக்கூடாதவை. தீக்காயம் என்றதும் வீட்டில் இருப்பவர் ஒருவர் இட்லி மாவை எடுத்து வருவார், இன்னொருவர் பற்பசையை. பேனா மை, மஞ்சள், காப்பித்தூள், தேங்காய் எண்ணெயோடு சுண்ணாம்புத் தெளிவு என்று தெருவுக்கு ஒரு மருந்து இருக்கிறது. பாட்டி அன்பால்தான் சொல்கிறார். அவரைப் புண்படுத்தாமல், ‘தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள் அம்மா, டாக்டர் பார்த்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்’ என்று அவர் கையிலேயே குவளையைக் கொடுத்துவிடுங்கள். மாவும் மஞ்சளும் அப்பிய காயத்தைச் சுரண்டிக் கழுவினால்தான் ஆழம் தெரியும். அதற்குள் கிருமியும் குடியேறியிருக்கும். அப்படி வரும் புண்ணில் செயற்கைத் தோலை வைக்க எந்த அறுவைச் சிகிச்சை நிபுணரும் தயங்குவார், ஏனென்றால் படலத்துக்கு அடியில் அடைபட்ட கிருமி சீழாக மாறும்.

கொப்புளத்தை நீங்களாக உடைக்காதீர்கள். துவைத்து உலர்ந்த பருத்தித் துணியையோ, சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையையோ காயத்தின் மேல் படரவிடுங்கள். சுற்றி இறுக்கக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் சிரப்பை எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே கொண்டு போவது

பிள்ளையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பின் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அந்தக் கையளவை வைத்துக் காயம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நீங்களே தோராயமாகச் சொல்லலாம். வெறுமனே சிவந்த இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உடம்பை ஒன்பது ஒன்பது சதவீதப் பகுதிகளாகப் பிரித்துப் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒன்பதின் மடங்குக் கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது: கைக்குழந்தையின் தலை மட்டுமே உடம்பின் 18 சதவீதம் அளவுக்கு வரும், பெரியவருக்கு அது 9தான். மருத்துவமனையில் வயதுக்கேற்பப் பிரித்த வரைபடத்தில் வண்ணம் தீட்டி அளப்பார்கள்.

பிள்ளைக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தக் குழாய்க்குள் திரவம் ஏற்றியாக வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்பதை எடையையும் பரப்பையும் பெருக்கிக் கணக்கிடுவார்கள்; முதல் 24 மணி நேரத்துக்கான திரவத்தில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம், சேர்த்த நேரத்திலிருந்து அல்ல, காயம் பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் கொட்டிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

பரப்பு சிறிதாக இருந்தாலும் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகியவற்றில் பட்டால், மின்சாரமோ அமிலமோ பட்டால், புகையைச் சுவாசித்திருந்தால், அல்லது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜரி வசதியுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். பழைய வட ஆற்காட்டின் நடுவே இருப்பவர்களுக்கு அது அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகவோ, சி.எம்.சி.யாகவோ இருக்கும். சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் 2022-லிருந்து செயல்படுவதால் ஆற்காடு, வாலாஜா பக்கத்தினர் நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. மிகப் பெரிய காயங்களைச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அனுப்புவது உண்டு. ஜவ்வாது மலையிலோ அணைக்கட்டுக்கு அப்பாலோ இருந்தால், முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரவமும் வலி மருந்தும் தொடங்கச் சொல்லி, 108-ல் கிளம்புவதே நல்லது. எதுவும் ஏற்றாமல் இரண்டு மணி நேரம் பைக்கில் தூக்கிவரும் பிள்ளை, ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம்.

வழியில் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு விண்ணப்பம் வையுங்கள்: ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், வெள்ளைக் களிம்பு தடவாமல் வெறும் சுத்தமான துணியால் மூடிக் கொடுங்கள்.’ வெள்ளி சேர்ந்த அந்தக் களிம்பு கிருமியை அடக்கும் என்பது உண்மை. ஆனால் புண்ணின் மேல் ஒரு பொய்ப் பொருக்கைப் படியவைக்கும். அடுத்துப் பார்ப்பவருக்கு ஆழம் தெரியாது, அதைச் சுரண்டி எடுக்காமல் படலம் ஒட்டவும் முடியாது. தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆழம் தெரிந்த பிறகே படலம்

தோலின் மேலடுக்கு மட்டும் சிவந்திருந்தால் ஒன்றும் தேவையில்லை, சில நாட்களில் ஆறும். அடுத்தது, கொப்புளம் எழும் காயம். கொப்புளத் தோலை நீக்கினால் அடியில் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சட்டென்று சிவக்கும். தொட்டால் பிள்ளை துடிக்கும். வலி இருப்பது இங்கே நல்ல அடையாளம், நரம்பு முனைகள் உயிரோடு இருக்கின்றன. செயற்கைப் படலம் தன் முழுப் பயனையும் தருவது இந்தக் காயத்தில்தான். இன்னும் ஆழமானது கறைபடிந்த சிவப்பாகவோ வெளிறியோ இருக்கும், அழுத்தினால் நிறம் திரும்பத் தாமதமாகும் அல்லது மாறவே மாறாது. முழு ஆழக் காயம் வெண்மையாகவோ பழுப்பாகவோ வறண்டு விறைத்திருக்கும், வலி தெரியாது. பிள்ளை அழவில்லையே என்று நிம்மதி அடைகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்த அமைதி ஆபத்தானது.

குழந்தையின் தோல் மெல்லியது. அதே டீ பெரியவர் கையில் கொப்புளமாக நின்றுவிடும். பிள்ளையின் மார்பில் ஆழமாக இறங்கிவிடும். முதல் நாளில் மிதமாகத் தெரியும் காயம் இரண்டு மூன்று நாளில் ஆழமாவதும் உண்டு. ‘நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறு சொல்கிறார்கள்’ என்று மருத்துவரைச் சந்தேகிக்க வேண்டாம், புண்ணே மாறியிருக்கிறது.

எல்லாச் சிகிச்சைக்கும் பின்னால் ஒரு கெடு ஓடுகிறது. 2 வாரத்துக்குள் தானாக மூடிவிடும் புண் பெரும்பாலும் நல்ல தோலாக ஆறும். 3 வாரத்தைத் தாண்டினால் தடித்து மேடிடும் தழும்பு வரும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. படலமா, பிள்ளையின் வேறிடத்துத் தோலை எடுத்து வைக்கும் தோல் ஒட்டா, பொறுத்துப் பார்ப்பதா என்று மருத்துவர்கள் கூடிப் பேசும்போது மனதில் வைத்திருப்பது இந்தக் கெடுவைத்தான். நீங்களும் நேராகக் கேட்கலாம்: ‘டாக்டர், இது 3 வாரத்துக்குள் மூடிவிடும் என்று நினைக்கிறீர்களா?’ அதற்குக் கிடைக்கும் பதிலிலிருந்து மற்ற எல்லாம் புரியும்.

எந்தப் படலம், எதனால் ஆனது

நம் பக்கத்தில் அதிகம் காதில் விழும் பெயர் கொலாஜன் ஷீட். மாட்டுத் தோல் முதலிய விலங்குத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொலாஜன் புரதத்தை மெல்லிய தாளாக வார்த்து, கிருமி நீக்கிப் பொதிவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களுக்குத் தோல் பதனிடும் வேலை தலைமுறைப் பழக்கம். அங்கே பதப்படுத்தும் தோலுக்கு உறுதி தருவதும் இதே கொலாஜன்தான். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், காலணிக்கான தோலோடு நிற்காமல், புண்ணுக்கு இடும் கொலாஜன் தயாரிப்பிலும் பல காலமாக ஆய்வு செய்து வந்திருக்கிறது. இதைக் கண்டிப்பான பொருளில் செயற்கை என்று சொல்ல முடியாது, ஆனால் வேலை அதேதான். விலை மற்றவற்றைவிடக் குறைவு என்பதால் நம் ஊரில் முதலில் கிடைக்கக்கூடியதும் இதுவே.

பயோபிரேன் என்பது 1970களின் இறுதியில் உருவானது. வெளியே சிலிகோன் படலம், உள்ளே நைலான் வலை, அதில் பன்றிக் கொலாஜன் பூச்சு. வலையின் கண்களில் புண் நீர் உறைந்து பிடித்துக்கொள்ளும். உலக அளவில் பிள்ளைகளின் வெந்நீர்க் காயங்களுக்கு நெடுங்காலம் பயன்பட்டது இது.

முழுக்கச் செயற்கையானது சூப்ராதெல். ஜெர்மனியில் உருவான இந்தப் படலத்தின் அடிப்படை பாலிலாக்டிக் அமிலம். கரையும் தையல் நூல் எந்த வகைப் பொருளோ, அந்த வகை. விலங்குப் பொருள் எதுவும் இதில் இல்லை. நனைந்ததும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், அதனால் மூடிய பிறகும் புண் எப்படி இருக்கிறது என்று மேலிருந்தே பார்க்க முடியும். அடியில் தோல் வளர வளரத் தானாகக் கழன்றுகொள்ளும்.

இந்தப் பட்டியலை விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மேல்விஷாரத்திலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ வரும் முஸ்லிம் குடும்பத்துக்குப் பன்றிப் பொருள் என்றால் மனச் சங்கடம், சில இந்துக் குடும்பங்களுக்கு மாட்டுப் பொருள் என்றால் சங்கடம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், மாற்று இருந்தால் சொல்வார். அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு தெரிந்து வருந்துவதுதான் யாருக்கும் நல்லதில்லை. பிள்ளைக்கு இந்த விலங்குப் புரதங்களால் ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒட்டும் நாள்

பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் ஒட்டுவார்கள். அதற்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும்: திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது பொதுவான வழக்கம். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே சட்டம். பசியில் அழுகிறது என்று பாட்டி ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால் அன்றைய அறுவைச் சிகிச்சையே தள்ளிப்போகும். கொடுத்துவிட்டு மறைப்பது அதைவிட ஆபத்து. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

உள்ளே நடப்பது இதுதான். காயத்தைக் கழுவி, கொப்புளத் தோலையும் செத்த திசுவையும் முழுவதுமாக நீக்குவார்கள். அடித்தளம் ஈரமாக, பளபளப்பான இளஞ்சிவப்பாகத் தெரியும் வரை இந்த வேலை நடக்கும். செத்த திசு சிறிது மிஞ்சினாலும் அந்த இடத்தில் படலம் பிடிக்காது. ரத்தக் கசிவை அழுத்தி நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் அடியில் ரத்தம் தேங்கிப் படலத்தைத் தூக்கிவிடும். பிறகு படலத்தைக் காயத்தின் அளவைவிடச் சற்று பெரிதாக வெட்டி, சுருக்கமும் காற்றுக் குமிழியும் இல்லாமல் விரலால் நீவிப் படியவைப்பார்கள். ஓரங்களைத் தையல், ஊக்கு, ஒட்டுப் பட்டை இவற்றில் ஒன்றால் நிறுத்துவார்கள். சூப்ராதெல் போன்றதின் மேல் பாரஃபின் தடவிய வலைத்துணி ஒன்று வரும். இந்த இரண்டும் புண் ஆறும் வரை அசையக்கூடாது. அதற்கு மேலே நீர் உறிஞ்சும் பஞ்சுக் கட்டு. மாற்றப்படுவது இந்த வெளிக்கட்டு மட்டும்தான்.

மூட்டு இருந்தால் பலகை வைத்துக் கட்டுவார்கள். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுவார்கள், சேர்த்துச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய பிறகு

முதல் பார்வை 24 முதல் 48 மணி நேரத்துக்குள். வெளிக்கட்டை நீக்கிவிட்டுச் செவிலியர் விரல் நுனியால் படலத்தை மெதுவாக ஒருபக்கம் தள்ளிப் பார்ப்பார். நகராமல் நின்றால் பிடித்துவிட்டது. நகர்ந்தால், அல்லது அடியில் நீர்க் குமிழி தெரிந்தால், அந்த இடத்தில் சிறு துளையிட்டு நீரை ஒற்றி எடுப்பார். தெளிந்த மஞ்சள் நீர் என்றால் கவலை இல்லை. கலங்கி, நாற்றத்தோடு இருந்தால் அந்தப் பகுதிப் படலத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புண்ணைக் கழுவுவார்கள். ‘சிஸ்டர், ஒட்டியதைப் பிரிக்கிறீர்களே’ என்று பதறும் தாய்மார் உண்டு. கெட்ட துண்டை எடுத்தால்தான் மற்ற பகுதி பிழைக்கும்.

பிடித்துவிட்டால் மிதமான காயத்தில் 10 முதல் 14 நாட்களில் ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டு வரும். தூக்கிய ஓரத்தை மட்டும் கத்தரியால் நறுக்குவார்கள். இழுத்து உரித்தால் புதுத்தோலும் கூடவே வந்துவிடும். பிள்ளை பிய்த்துவிடாமல் இரவில் கையுறை போடுவது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். குளியல் நாளைப் பற்றி மருத்துவர் சொல்லும் வரை ஈரத் துணியால் மற்ற உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். அக்னி நட்சத்திரக் காலத்தில் கட்டுக்குள் வியர்வை ஊறும், ஆகவே மின்விசிறி ஓடும் அறையில் தளர்ந்த பருத்தி ஆடையோடு வைத்திருங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரென்றால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

சின்னக் காயம், 5 சதவீதம்கூட இல்லை, படலம் ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் பிள்ளைக்குத் திடீரென்று 39 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ச்சல் ஏறுகிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன, உடம்பெங்கும் வெயில்பட்டதைப் போலச் சிவப்புத் தடிப்பு பரவுகிறது, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, சிறுநீர் குறைகிறது. புண்ணைப் பார்த்தால் சுத்தமாகவே இருக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ அம்மை போட்டிருக்கிறது என்றோ வேப்பிலை கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இது பொன்னிறக் கோளக் கிருமி (ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) சுரக்கும் நஞ்சால் வரும் அதிர்ச்சி நோயாக இருக்கலாம். 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சிறு தீக்காயங்களில்தான் இது அதிகம் வருகிறது, ஏனென்றால் அந்த நஞ்சுக்கு எதிரான பாதுகாப்பு அவர்கள் ரத்தத்தில் இன்னும் உருவாகியிருக்காது. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவு எத்தனை மணியானாலும் 108-ஐ அழைத்து, அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக ‘தீக்காயம் பட்ட பிள்ளை’ என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார்த்திவிடக்கூடும்.

கட்டைத் தாண்டி நாற்றம், கட்டின் ஓரத்துக்கு வெளியே சிவப்பு பரவுதல், குறைந்துவந்த வலி மறுபடி கூடுதல், விரல் நுனி நீலம் பாரித்தல் ஆகியவற்றுக்கும் அன்றே போக வேண்டும்.

ஆழமான காயத்துக்கு இரண்டு கட்டம்

முழு ஆழத்துக்கு வெந்த இடத்தில் தோல் முளைக்க விதையே மிஞ்சியிருக்காது. அங்கே மேலே சொன்ன படலங்கள் போதாது. வெந்த திசுவை வெட்டி நீக்கிவிட்டு, பிள்ளையின் தொடையிலிருந்தோ தலையிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி ஒட்டுவதுதான் வழக்கமான வழி. மொட்டையடித்துத் தலையிலிருந்து எடுப்பதைப் பார்த்துப் பெற்றோர் அதிர்ந்துபோவார்கள். ஆனால் தலைத்தோல் விரைவில் ஆறும், முடி வளர்ந்ததும் எடுத்த தடம் வெளியே தெரியாது.

காயம் பரந்து, எடுக்கத் தோல் போதாதபோது, அல்லது கழுத்து, மூட்டு போன்ற இடத்தில் மடங்கி நீளக்கூடிய தோல் வேண்டும்போது, கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போல, உள்தோல் வளரத் தாங்கலாக நிற்கும் சாரம் ஒன்றை முதலில் வைப்பார்கள். ஐயானிஸ் யன்னாஸ், ஜான் பர்க் என்ற இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் உருவாக்கி 1981-ல் வெளிப்படுத்திய இன்டெக்ரா இதில் மூத்தது. 1996-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. மாட்டுக் கொலாஜனும் சுறா மீனின் குருத்தெலும்புப் பொருளும் கலந்த நுண்துளைத் தளம், மேலே சிலிகோன் மூடி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜான் கிரீன்வுட் முன்னின்று வளர்த்த பி.டி.எம். என்ற இன்னொரு சாரம், பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. விலங்குப் பொருள் இல்லை. கொடி ஏறப் பந்தல் போட்டுக் கொடுப்பதைப் போல, இந்தத் துளைகளுக்குள் பிள்ளையின் ரத்தக் குழாய்களும் செல்களும் ஏறிப் படர இது இடம் தருகிறது. 2 முதல் 4 வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். வெளிறியிருந்தது மெல்ல இளஞ்சிவப்பாகும்போது மேல் மூடியை உரித்துவிட்டு, மிக மெல்லிய தோல் ஒட்டை அதன் மேல் வைப்பார்கள்.

ஆக, இரண்டு அறுவைச் சிகிச்சை, நீண்ட வார்டு வாசம், நடுவில் கிருமி இறங்கும் அபாயம். ஒரு சின்ன இடத்துக்காக இந்தச் செலவும் காத்திருப்பும் தேவையா என்று கேட்கத் தயங்காதீர்கள். முகம், கழுத்து, கை என்றால் பெரும்பாலும் தேவை என்பதே என் கருத்து. முதுகில் கையகலக் காயத்துக்கு நேரடித் தோல் ஒட்டே போதும். முடிவு உங்கள் மருத்துவருடையது.

மின்சாரம் பாய்ந்த காயம் தனிக் கதை. வெளியே காசளவு தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். அங்கே படலத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும்.

பணம்

இந்தப் படலங்களைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள். எத்தனை ஷீட் தேவைப்படும், மிச்சம் வந்தால் என்ன ஆகும், பிடிக்காமல் போனால் மறுபடி வாங்க வேண்டுமா என்ற மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, தீக்காயச் சிகிச்சையும் அதில் அடங்கும். ஆனால் குறிப்பிட்ட படலத்தின் விலை அந்தத் தொகுப்புக்குள் வருமா என்பது மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில்தான் தெரியும். அட்டை இல்லையென்றால் ஒருவர் பிள்ளையோடு இருக்க, இன்னொருவர் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடு முதல் நாளே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

விலை உயர்ந்தது கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். சுத்தமாக வந்த மிதமான காயம் கொலாஜன் ஷீட்டிலும், ஒட்டாத நல்ல கட்டிலும் நன்றாக ஆறுகிறது. தானமாகக் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை, அதாவது கருவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வை, புண்ணுக்கு மேல் போர்த்தும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலானது, இன்றும் பயன்படுகிறது.

சாப்பாடு

தோல் வளரப் புரதம் வேண்டும். தினமும் முட்டை, பால், தயிர், பருப்பு கடைந்த சோறு, சுண்டல், வேர்க்கடலை, மீன், கேழ்வரகுக் கூழ் என்று பிள்ளை எதை விரும்பித் தின்னுமோ அதைச் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுங்கள். புண்ணில் சீழ் பிடிக்கும் என்று முட்டையையும் மீனையும் பருப்பையும் நிறுத்தும் பத்தியம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. அந்தப் பத்தியம்தான் புண்ணை ஆறவிடாமல் இழுக்கிறது.

புண் மூடிய பிறகு

மூடிய நாளில் சிகிச்சை முடிந்துவிட்டது என்று ஊருக்குப் போய், ஆறு மாதம் கழித்து விரல் மடங்கிய நிலையில் திரும்பி வரும் பிள்ளைகள் உண்டு. தழும்பு அடங்கி வெளுக்க ஓராண்டு முதல் இரண்டாண்டு ஆகும். அதுவரை அது சிவந்து, அரித்து, சுருங்கிக்கொண்டே இருக்கும்.

வாசனை சேராத மாய்ஸ்சரைசர் களிம்பை நாளுக்குப் பல முறை தடவி, தழும்பு வெளுக்கும் அளவுக்கு விரலால் அழுத்தி நீவுங்கள். கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். தழும்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஆடை கொடுத்தால் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, 23 மணி நேரம், போட வேண்டும். வேலூர் வெயிலில் இது பிள்ளைக்கு உண்மையான கொடுமை. இரண்டு ஜோடி வாங்கித் துவைத்து மாற்றுங்கள், பள்ளி ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்லி விசிறிக்கு அடியில் இடம் கேளுங்கள். பிள்ளை வளரும், ஆடை இறுகும். சில மாதத்துக்கு ஒரு முறை புதிதாக அளவெடுக்க வேண்டும். அரிப்புக்கு மருந்து இருக்கிறது, பிள்ளை இரவெல்லாம் சொறிந்துகொண்டு விழித்திருக்க வேண்டியதில்லை. புதுத் தோலில் வெயில் பட்டால் நிரந்தரமாகக் கறுக்கும், ஆகவே ஓராண்டாவது முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு அனுப்புங்கள்.

கைக்குப் பயிற்சி தவறக்கூடாது. சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தெடுத்தது இந்த வேலூரில்தான். கைப் பயிற்சியின் அருமையை நீண்ட காலமாக அறிந்த ஊர் இது. பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் விளையாட்டாக மாற்றுங்கள்: சப்பாத்தி மாவைப் பிசையவிடுங்கள், பல்லாங்குழியில் புளியங்கொட்டையைப் பொறுக்கவிடுங்கள். இரவில் பலகை கட்டுவதைப் பிள்ளை அழுகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு நீளாது. மூட்டின் குறுக்கே விழுந்த தழும்பு, ஐந்து வயதில் தொந்தரவில்லாமல் இருந்தாலும், உயரம் கூடும் பருவத்தில் இழுக்கத் தொடங்கலாம். அப்போது சிறு அறுவைச் சிகிச்சையால் விடுவிக்க முடியும், ஆனால் நேரத்தோடு காட்ட வேண்டும். ஆகவே வளர்ச்சி நிற்கிற வரை ஆண்டுக்கு ஒரு முறையாவது பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டிய படலத்தின் பெயர், எந்த இடம், எந்தத் தேதி, தோல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பவற்றை எழுதிக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் தழும்பைப் படம் எடுத்து, அந்தச் சீட்டோடு ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.